பனிக்குளிரில் பிள்ளையோடு நடை: உடுப்புக் கேள்வி பதில்

கனடாவில் ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளைக் குளிர்காலத்தில் வெளியே நடக்கக் கூட்டிப்போகும் பெற்றோர் கேட்டவை.

கேள்வி (ஸ்காபரோ): வணக்கம் அக்கா. மகனுக்கு ரெண்டு வயசு. -8 எண்டால் எத்தினை உடுப்புப் போடவேணும்? அம்மா ஜக்கெற்றுக்குள்ள நாலு ஸ்வெட்டர் போடச் சொல்லுறா.

பதில்: மூன்று அடுக்குப் போதும், ஆனால் எந்தத் துணி என்பதுதான் முக்கியம். உடம்போடு ஒட்டுகிற முதல் அடுக்கு மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்டர்: நீளக்கை மேலுடுப்பு, நீளக் காற்சட்டை. அதன் மேல் ஒரு ஃப்ளீஸ் (பஞ்சுபோல மென்மையான செயற்கைத் துணி உடுப்பு). கடைசியாகக் காற்றும் நீரும் புகாத ஸ்னோசூட், அதாவது பனிக்கான வெளி உடுப்பு, ஒரே துண்டாகவோ காற்சட்டையும் ஜக்கெற்றுமாகவோ. அது பஞ்சு வைத்துத் தடித்ததாக இருந்தால் -5க்கு மேல் ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு நடு அடுக்கே வேண்டாம். -15க்குக் கீழே தடித்த ஃப்ளீஸ்.

முதல் அடுக்கில் பருத்தி பெனியன் வேண்டவே வேண்டாம். பிள்ளை பத்து நிமிடம் ஓடினால் வியர்க்கும், பருத்தி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு ஸ்ட்ரோலரில் இருத்தியதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும். குளிரில் நடுங்கும் பிள்ளை எப்போதும் உடுப்புக் குறைந்து நடுங்குவதில்லை, உடுப்புக் கூடி வியர்த்தும் நடுங்கலாம்.

நாலு ஸ்வெட்டரில் வேறு ஒரு சிக்கல். சூட்டைக் காப்பது அடுக்குகளுக்கு நடுவில் நிற்கிற காற்று. இறுக்கித் திணித்தால் அந்தக் காற்றுக்கு இடமில்லை. கை இரண்டும் விறைத்து நிற்கும், விழுந்த பிள்ளை எழும்பவும் மாட்டாது. அம்மா மனம் நோகாமல் இருக்க ஒரு ஸ்வெட்டரை ஸ்ட்ரோலர் பையில் கொண்டுபோங்கள்.

கேள்வி (பிராம்ப்டன்): கையைத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு. இன்னொரு லேயர் போடணுமா?

பதில்: கை, மூக்கு, கன்னம் மூன்றும் எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் விரலைச் சூடாக்கிக்கொண்டு, பின்கழுத்து வழியாக முதுகுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள், குளிர்ந்திருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். கிளம்பிய 10 நிமிடத்தில் ஒருமுறை, பிறகு அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

நடக்கிற பிள்ளைக்கு உங்களுக்குப் போட்ட அளவே போதும். அசையாமல் ஸ்ட்ரோலரில் இருக்கிற பிள்ளைக்கு உங்களைவிட ஓர் அடுக்குக் கூட வேண்டும். குளிர் அடியிலிருந்தும் ஏறும். மேலே மூன்று போர்வை போர்த்துவதைவிட இருக்கையில் மடித்த கம்பளி ஒன்றை விரிப்பது நல்லது. காற்றுக்கு அஞ்சி ஸ்ட்ரோலரை முழுதாகப் போர்வையால் மூடிவிடாதீர்கள். பிள்ளையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரியவேண்டும்.

கேள்வி (மார்க்கம்): காரில் பார்க் வரைக்கும் போய், அங்கேயிருந்து நடக்கிறம். ஸ்னோசூட்டோடையே கார் சீட்டில இருத்தலாமோ?

பதில்: கூடாது. தடித்த ஸ்னோசூட் மேல் வாரை இறுக்கும்போது இறுகினமாதிரித்தான் இருக்கும். மோதலில் அந்தப் பஞ்சு நசுங்கி, வாருக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி விழும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். ஸ்னோசூட்டோடு இருத்தி வாரை இறுக்குங்கள். வாரைத் தளர்த்தாமல் பிள்ளையை எடுத்து, ஸ்னோசூட்டைக் கழற்றி, அதே நீளத்தில் மறுபடி பூட்டுங்கள். தோள் எலும்புக்கு மேலே வாரை இரண்டு விரலால் கிள்ளி மடிக்க முடிந்தால் அவ்வளவு தளர்வு.

காருக்குள் மெல்லிய ஃப்ளீஸ் மட்டும். வாரைப் பூட்டிய பிறகு ஜக்கெற்றை முன்பின்னாக, கைகளை மட்டும் நுழைத்துப் போட்டுவிடலாம், அல்லது போர்வையை மேலே போர்த்தலாம்.

கேள்வி (ஸ்காபரோ): மகள் பூட்ஸ் போட்டாலும் கால் குளிருது எண்டு அழுறாள். ரெண்டு சோடி மேஸ் போட்டும் சரிவரேல்லை.

பதில்: இரண்டாவது மேஸ்தான் (சாக்ஸ்) காரணமாக இருக்கும். பூட்ஸ் இறுகினால் விரல்களுக்கு இரத்தம் சரியாக ஓடாது. உள்ளே இருக்கும் கழற்றக்கூடிய மெத்தையை வெளியே எடுத்து, மேஸ் போட்ட காலோடு அதன் மேல் நிற்க வையுங்கள். பெருவிரலுக்கு முன்னால் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கவேண்டும். மேஸ் ஒரு சோடி போதும், கம்பளி. வீடு வந்ததும் மெத்தையைக் கழற்றிக் காயவிடுங்கள். நேற்றைய ஈரம் பூட்ஸுக்குள் இருந்தால் எந்த மேஸும் உதவாது.

பூச்சியத்தைச் சுற்றிய நாட்களில் கூடுதல் கவனம். -10இல் பனி உலர்ந்த தூள், தட்டினால் போய்விடும். +1இல் அது சேறும் தண்ணீருமாகி ஊறும். அன்றைக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள பூட்ஸும் நீர் புகாத காற்சட்டையும் வேண்டும், காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே விழவேண்டும்.

கேள்வி (எட்மண்டன்): அக்கா, பாப்பாவைக் கேரியர்ல கட்டிட்டு நடப்பேன். அவளுக்கும் ஸ்னோசூட் வேணுமா?

பதில்: உங்கள் கோட்டுக்குள் கட்டினால் வேண்டாம். உங்கள் உடம்புச் சூடே ஓர் அடுக்கு, கேரியர் துணி இன்னொன்று. முதல் அடுக்கும் ஃப்ளீஸும் போதும். தப்பு நடப்பது கணுக்காலில்: கால் மடங்கியதும் காற்சட்டை மேலேறி, நாலு விரற்கடை தோல் வெளியே தெரியும். முழங்கால் வரைக்குமான மேஸ் போடுங்கள். கோட்டின் ஸிப்பை மூக்குக்கு மேலே இழுக்காதீர்கள். உங்கள் சப்பாத்துக்குப் பிடிப்பு இருக்கவேண்டும், விழுந்தால் இரண்டு பேர்.

கேள்வி (மார்க்கம்): ஸ்காஃப் கட்டலாமா?

பதில்: வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டினால் கழுத்தை நெரிக்கும். தலைவழியாகப் போடும் கழுத்துப்பட்டி வாங்குங்கள். ஹூட்டில் கயிறு இருந்தால் உருவிவிடுங்கள். மங்கி தொப்பியைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் காது, நெற்றி, தாடை மூன்றையும் ஒரே துண்டில் மூடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

கேள்வி (பிராம்ப்டன்): உடுத்திவிடவே அரை மணி ஆகுது. முடிக்கும்போது எனக்கு வேர்த்துடுது.

பதில்: முதலில் டயப்பர் மாற்றுங்கள். பிறகு உங்கள் காற்சட்டை, பூட்ஸ். அதன் பிறகு பிள்ளைக்குக் காற்சட்டை, பூட்ஸ், நீளமான மிட்டன், ஜக்கெற், கழுத்துப்பட்டி, தொப்பி. உங்கள் கோட் கடைசி. மிட்டனை ஜக்கெற்றுக்கு முன்னால் போட்டால் அதன் விளிம்பு ஜக்கெற்றின் கைக்குள் அடங்கும், பிள்ளை உருவ முடியாது. ஐந்து விரல் கையுறை இந்த வயதுக்கு உதவாது, விரல்கள் சேர்ந்திருந்தால்தான் சூடு.

உங்களுக்கும் ஜீன்ஸ் வேண்டாம், அதுவும் பருத்திதான். ஸ்ட்ரோலர் தள்ளும்போது முதலில் விறைப்பது உங்கள் விரல். கைபிடியில் மாட்டும் மிட்டன் கிடைக்கிறது, வாங்குங்கள்.

கேள்வி (எட்மண்டன்): எத்தனை டிகிரிக்குக் கீழே போகக்கூடாது? முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினா போதுமா?

பதில்: வெப்பநிலையை அல்ல, விண்ட் சில்லைப் பாருங்கள், அதாவது காற்றையும் சேர்த்துத் தோல் உணரும் குளிரை. -10இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் அது கிட்டத்தட்ட -20. விண்ட் சில் -28ஐத் தொட்டால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். சின்னப் பிள்ளைகளோடு -25க்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். -15இலேயே 20 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போக ஓர் இடம் வழியில் இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தோல் வெடிப்பதைக் குறைக்கும், உறைவதைத் தடுக்காது. கன்னத்தில் வெள்ளையாக, மெழுகுபோல ஒரு திட்டுத் தெரிந்தால் தேய்க்காதீர்கள், தைலமும் பூசாதீர்கள். உள்ளே கொண்டுபோய் உங்கள் உள்ளங்கையை அதன் மேல் அப்படியே வைத்திருங்கள். விரல் என்றால் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், முழங்கையில் பட்டால் சுடக்கூடாது. நிறம் திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): போன வருசத்து ஸ்னோசூட்டுக்குள்ள தண்ணி இறங்குது. புதுசு வாங்கோணுமோ?

பதில்: துணி மென்மையாக்கி ஊற்றித் தோய்த்தீர்களா? அது மேல்துணியில் படிந்து நீரை ஒட்டவைக்கும். லேபிளைப் பார்த்து, அது இல்லாமல் இன்னொருமுறை தோய்த்து, இரண்டுமுறை அலசுங்கள். லேபிள் அனுமதித்தால் ட்ரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் போடுங்கள். பிறகும் நீர்த்துளி உருண்டோடாமல் பரவினால், நீர்தடுப்பு ஸ்ப்ரே வாங்கி அடித்துப் பாருங்கள். தையல் விட்டிருந்தால் மட்டும் புதியது.