தொடக்கப்பள்ளி முதல்வர் வேலை: கேட்டீர்கள், சொல்கிறேன்

சிங்கப்பூரில் 33 ஆண்டுகள் பள்ளிக்கூட வேலை. தமிழாசிரியராக நுழைந்தேன்; கடைசி 11 ஆண்டுகள் இரண்டு தொடக்கப்பள்ளிகளில் முதல்வர். 2022இல் ஓய்வுபெற்றேன். உங்கள் கேள்விகளில் சிலவற்றை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எனக்கு ஐந்தாண்டு அனுபவம். தமிழாசிரியர் முதல்வராக முடியுமா?

முடியும், நானே ஆனேனே. கல்வி அமைச்சு ஆசிரியர்களுக்கு மூன்று பாதைகள் வைத்திருக்கிறது: கற்பித்தல், தலைமைத்துவம், மூத்த வல்லுநர். தலைமைத்துவப் பாதையில் துறைத் தலைவர், துணை முதல்வர் என்று ஏற வேண்டும். துணை முதல்வர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குத் தேசியக் கல்விக் கழகத்தில் ஏறத்தாழ அரையாண்டு முழுநேரப் பயிற்சி உண்டு.

நமக்கு ஒரு சாதகம்: பல பள்ளிகளில் ஒரே பிள்ளையைத் தொடக்கநிலை ஒன்றிலிருந்து ஆறு வரை பார்க்கிறோம். வீட்டு நிலவரம் வரை தெரிந்துவிடும். பாதகம், மற்ற துறையினர் நம் வேலையைப் பார்ப்பதே இல்லை. நான் ஓராண்டு கணக்குத் துறைக் கூட்டங்களில் போய் உட்கார்ந்தேன், யாரும் அழைக்காமலே. முதல் இரண்டு கூட்டங்களில் "இவருக்கு இங்கே என்ன வேலை?" என்பதுபோல் பார்த்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

ஆனால் பாடம் நடத்துவதுதான் உயிர் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். கற்பித்தல் பாதையிலும் பதவி உயர்வு இருக்கிறது.

சென்னையிலிருந்து வந்து ஓராண்டு ஆகிறது. மகன் தொடக்கநிலை ஒன்று. பரீட்சையே இல்லையாம்! படிக்கிறானா என்று எப்படித் தெரியும்?

2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டில் தேர்வு கிடையாது. அரையாண்டுத் தேர்வும் 2023க்குள் எல்லா நிலைகளிலும் போய்விட்டது. மதிப்பெண்ணைத் தேடாதீர்கள், பயிற்சிப் புத்தகத்தில் அவன் திருத்தி எழுதியதைப் பாருங்கள். ஒரே பிழை மூன்று வாரமாக வருகிறதா? அதை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் பேசுங்கள்.

உண்மையைச் சொன்னால், பள்ளி விட்ட தேர்வைச் சில டியூஷன் நிலையங்கள் எடுத்துக்கொண்டன. ஏழு வயதுப் பிள்ளைக்கு அங்கே மாதிரித் தேர்வு! இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தேர்வை எடுத்தோமே தவிர, அதற்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குப் புரியும்படி நாங்கள் சொல்லவில்லை.

மகள் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) மாதிரித் தேர்வில் 91. தோழி 98. கவலையாக இருக்கிறது, டீச்சர்.

2021 முதல் 90ம் அதற்கு மேலும் எல்லாம் ஏஎல் 1தான், அதாவது மிக உயர்ந்த தேர்ச்சி நிலை. இரண்டு பேருக்கும் ஒன்றே. பிள்ளையைத் தூங்க விடுங்கள்.

உங்கள் கல்விக் கொள்கை என்ன?

பெரிய வார்த்தை. எனக்கு அது ஒரு தோல்வியில் வந்தது. இங்கே முதல்வர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாற்றுவார்கள், தெரியும்தானே? முதல் பள்ளியில் காலை வாசிப்பு என்று ஒன்றைத் தொடங்கினேன். தினமும் நானே வகுப்பு வகுப்பாகப் போய்க் கதை படித்தேன். பிள்ளைகள் காத்திருப்பார்கள். பெருமையாக இருந்தது. ஆறாம் ஆண்டு எனக்கு மாற்றம். அடுத்த மார்ச்சில் விசாரித்தால், வாசிப்பு நின்றே போயிருந்தது. புதிய முதல்வர் மீது தப்பே இல்லை. அதை நான் என் தோளிலேயே தூக்கிவைத்திருந்தேன், இறங்கியதும் விழுந்துவிட்டது.

இரண்டாவது பள்ளியில் ஒன்றும் நான் தொடங்கவில்லை. "எதை மாற்ற ஆசை?" என்று ஆசிரியர்களைக் கேட்டேன். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசித்துக்காட்டட்டும் என்றார் ஓர் இளம் ஆசிரியர். நேரம் ஒதுக்கினேன், இடம் கொடுத்தேன், அவருடைய வேறு வேலை ஒன்றைக் குறைத்தேன். அவ்வளவுதான் என் பங்கு. இந்தக் கடைசி வேலையைப் பல முதல்வர்கள் மறந்துவிடுவார்கள். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் பழையதில் ஒன்றை எடுக்க வேண்டாமா?

முதல்வருக்கு நேரே மின்னஞ்சல் போடலாமா?

போடலாம். நான் அதை வகுப்பாசிரியருக்குத்தான் அனுப்பியிருப்பேன். அவரிடமே முதலில் கேளுங்கள். இரவு பதினோரு மணிக்கு மட்டும் வேண்டாம்.

ஓய்வுக்குப் பிறகு பள்ளிப் பக்கம் போனீர்களா?

ஒருமுறை, இரண்டாவது பள்ளிக்கு. அந்த வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. என்னை யாரென்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.