யூடியூப் ரிவியூவை நம்பி பைக் வாங்கலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான். வேலூரில் வேலை, தினமும் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குப் போய்வர வேண்டும். மாதம் ஒரு தடவை ஏலகிரியோ ஜவ்வாது மலையோ போக ஆசை, சில சமயம் மனைவியோடு. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350, ஹன்டர் 350, டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 160 மூன்றுக்கும் நடுவில் நிற்கிறார். பத்து வீடியோ பார்த்தாராம், பத்தும் பத்து விதமாகச் சொல்கிறதாம். யாரை நம்புவது?

நான் மெடிக்கல் ரெப். குடியாத்தம், ஆரணி, போளூர், ஆம்பூர் என்று பதினெட்டு வருஷமாகச் சாம்பிள் பையோடு சுற்றுகிறேன். மூன்று வண்டி மாற்றியாகிவிட்டது, மீட்டரைக் கூட்டினால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வரும். பந்தயம் ஓட்டியதில்லை, லடாக் போனதில்லை. அந்த அளவுக்கு மட்டும் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிவியூ செய்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. பவர், டார்க் என்கிற இழுவை, எடை, சீட் உயரம் எல்லாம் சரியாகத்தான் சொல்வார்கள். ஆனால் வீடியோவை உற்றுப் பாருங்கள். எல்லாமே காலை ஆறு மணி வெளிச்சம். ரோடு காலி. பின்சீட்டில் யாரும் இல்லை. வண்டி மலை ஏறிக்கொண்டே இருக்கும். இறங்குவதை எத்தனை வீடியோவில் காட்டியிருக்கிறார்கள், எண்ணிச் சொல்லுங்கள்.

பின்சீட்டை முதலில் பார்ப்போம். எங்கள் ஊர் டீக்கடையில் இன்றைக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு, 'ஆர்எக்ஸ் 100 மாதிரி வருமா' என்று. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமஹா வண்டி. அது நின்ற பிறகு பிறந்தவன்தான் அதற்காக அதிகமாகச் சண்டை போடுகிறான். அவன் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. 98 சிசி, சுமார் 11 குதிரைத்திறன், எடை சுமார் 103 கிலோ. கிளாசிக் 350-க்கு 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 195 கிலோ. வகுத்துப் பாருங்கள், ரெண்டிலும் ஒரு குதிரைத்திறன் ஒன்பதரை கிலோவைத்தான் இழுக்கிறது. காகிதத்தில் ரெண்டும் அண்ணன் தம்பி.

இப்போது எழுபது எழுபது கிலோவில் ரெண்டு பேரை ஏற்றுங்கள். ஆர்எக்ஸில் ஒரு குதிரைத்திறனுக்கு 22 கிலோ ஆகிவிடும். கிளாசிக்கில் பதினாறரை. அதோடு கிளாசிக்கின் 27 நியூட்டன் மீட்டர் டார்க், இன்ஜின் நிமிஷத்துக்கு 4000 சுற்று சுற்றும்போதே கைக்கு வந்துவிடும். ஆர்எக்ஸில் முழு பவர் வேண்டுமென்றால் 7500 வரை அலறவிட வேண்டும். தனியாக ஓட்டினால் ஆர்எக்ஸ் றெக்கை கட்டும், மனைவியும் பையும் ஏறினால் கிளாசிக் அசராது. ரெண்டு கட்சியும் சொல்வது உண்மை, அவரவர் சீட்டில் எத்தனை பேர் என்பதுதான் வித்தியாசம். ஆகவே ரிவியூவில் பிக்கப் என்று சொல்வதைத் தனி ஆளின் பிக்கப் என்று வாசியுங்கள்.

அடுத்தது இறக்கம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2009 மே மாதம். என்னிடம் இருந்தது ஒரு 100 சிசி, ரெண்டு பக்கமும் டிரம் பிரேக். நானும் நண்பனும் ஏலகிரி கோடை விழா பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கினோம். பொன்னேரி அடிவாரம் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர் பேரோ வள்ளல் பேரோ வைத்திருப்பார்கள். அப்போது எல்லோரும் செய்ததை நானும் செய்தேன்: சாவியைத் திருப்பி இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரலில் விட்டேன். பெட்ரோல் மிச்சம். காற்று சத்தம் மட்டும், சுகமாக இருந்தது.

நாலைந்து வளைவு வரை ஒன்றுமில்லை. பிறகு முன் பிரேக் லீவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உள்ளே வந்தது. அடுத்த வளைவில் இன்னும் உள்ளே. அதற்கடுத்ததில் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் நண்பன், "டேய், என்னமோ கருகுற வாசனை வருதுடா" என்றான். பின் பிரேக்கை நின்று மிதித்தேன், அதிலும் உயிர் இல்லை. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்த மாதிரி நான் ஏதோ ஒரு வள்ளல் வளைவில் ரெண்டு பிரேக்கையும் தானம் செய்துவிட்டேன். கடைசியில் மலைப் பக்கத்து ஓடையில் சாய்த்து நிறுத்தினேன். பள்ளத்துப் பக்கம் இல்லை, அதுதான் அன்றைக்குச் செய்த ஒரே புத்திசாலித்தனம். உள்ளங்கை ரெண்டும் உரிந்தது. நண்பனுக்கு முழங்கால். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரைத் தாண்டித்தான் போயிருந்தோம், ரெண்டு பேர் காலிலும் ஹவாய் செருப்பு.

தண்ணீர் பாட்டிலை டிரம் மேல் ஊற்றினேன், சுர்ரென்று ஆவி பறந்தது. அதுவும் தப்பாம், கொதிக்கிற டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். வாணியம்பாடியில் ஒரு மெக்கானிக் பாய் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவின் லைனர் கறுத்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டார், "இன்னா தம்பி, வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்கினியா? எத்தினி ரூபா பெட்ரோல் மிச்சம் புடிச்ச?" பதில் சொல்ல வாய் வரவில்லை. "ஏறச்சொல்லோ எந்த கியரோ, எறங்கச்சொல்லோ அதே கியரு. பிரேக்கு சும்மா ஒத்தாசைக்கு."

நான் கேட்ட ஆகச் சிறந்த ரிவியூ அதுதான். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் ரெண்டு பேரோடு வண்டி 250 கிலோ, இறக்கம் சுமார் 700 மீட்டர். அந்த இறக்கம் மொத்தமும் சூடாக மாறினால் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும், மிச்சத்தை ரெண்டு டிரம்தான் வாங்க வேண்டும். சூட்டில் டிரம் விரியும், ஷூ அதை எட்டிப் பிடிக்க லீவர் இன்னும் உள்ளே போகும். அதுதான் அன்றைக்கு என் கையில் நடந்தது. கியரில் இறங்கியிருந்தால் பாதி வேலையை இன்ஜின் செய்திருக்கும்.

பெட்ரோல் மிச்சம் என்பதும் இப்போது கிடையாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு இறங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதையே அது நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். இன்றைக்கும் ஏலகிரியில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கும் பையன்களைப் பார்க்கிறேன். நிறுத்திச் சொன்னால் 'அங்கிள்' என்று சிரிக்கிறார்கள்.

டிஸ்க் பிரேக் என்றால் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள், அதற்கு வேறு வியாதி. லீவரை அழுத்துகிற அழுத்தத்தை டிஸ்க்குக்குக் கொண்டுபோவது பிரேக் ஃப்ளூயிட், அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்கிற தரத்து ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் உள்ளே குமிழி, லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆயில் மாற்றுகிற அளவுக்குக்கூடச் செலவு இல்லை. சர்வீஸில் அவர்களாகச் செய்வார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம், கேட்டு வாங்குங்கள். ஏபிஎஸ் நல்லதுதான், 125 சிசிக்கு மேலே 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஃப்ளூயிட் கொதிப்பதை நிறுத்தாது.

சரி, மலை மாதம் ஒரு நாள். மீதி இருபத்தொன்பது நாள் வேலூர் வெயில். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடி அதில் ஒன்றைப் பொய்யாக்கிவிட்டது. வெயிலை மட்டும் எந்த வருஷமும் பொய்யாக்க முடியவில்லை. மே மாதம் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த மதியம் ரெண்டு மணிக்கு நேதாஜி மார்க்கெட்டையும் லாங் பஜாரையும் முதல் கியரில் தாண்டுவதுதான் நம்முடைய டெஸ்ட் டிராக். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு வண்டி நகர்ந்தால்தான் காற்று. நின்றால் சூடு தொடைக்கு வரும். ரேடியேட்டர் வைத்த வண்டியில் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் ஃபேன் ஓடும்போது வீசும் அனல் முழங்கால்மேல்தான். கூடவே எடை. ஹன்டர் 181 கிலோ, அப்பாச்சி 160 சுமார் 140 கிலோ. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடுவே காலால் தள்ளித் தள்ளிப் போகும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

டயர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கம்பிச் சக்கரம் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற வழியில் டியூப் பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும், காட்டுக்குள் யார் கழற்றுவது? அலாய் வீல், டியூப்லெஸ் என்றால் ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், ஊர் போய்ச் சேரலாம். பழக்கமிருந்தால் கையிலேயே ஒட்டலாம். மலை ஏறும் முன் போளூரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

மைலேஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீட்டர் காட்டுவதை நம்பாமல் டேங்க் ஃபுல் டு ஃபுல் போட்டு நாலு தடவை பாருங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலில் பழைய மைலேஜை எதிர்பார்க்க வேண்டாம். எலெக்ட்ரிக்கை நீங்கள் கேட்கவில்லை. ராணிப்பேட்டையிலேயே ஸ்கூட்டர் செய்கிறார்கள், தினசரி காட்பாடிக்கு மட்டும் என்றால் அதையே சொல்லியிருப்பேன்.

உங்கள் மூன்றில் எது என்றால், நான் ஹன்டரின் அலாய் வீல் மாடலை எடுப்பேன். கிளாசிக் மாதிரியே அதே ஜே சீரிஸ் இன்ஜின், 14 கிலோ குறைவு, கால் நன்றாகத் தரையில் ஊன்றும், மனைவியோடு மலை ஏற டார்க் தாராளம். பின்சீட்டு கிளாசிக் அளவுக்குச் சொகுசு இல்லை, அவரையும் உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள். மலை உண்மையில் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் என்றால் அப்பாச்சி போதும், டவுனில் அதுதான் சுகம்.

டெஸ்ட் ரைடை மட்டும் ஷோரூம் சொல்கிற நேரத்தில் எடுக்காதீர்கள். மதியம் போங்கள், யாராவது ஓட்டிச் சூடான வண்டியைக் கேளுங்கள், பின்னால் ஆளை ஏற்றுங்கள். போன மாதம் அக்கா பையனோடு போனேன். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில், ஓரமாக, நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்து ஹேண்டில் ஆடாமல் கிளப்பு என்றேன். மூன்று தடவை ஆஃப் பண்ணினான். பிறகு இறக்கத்தில் ரெண்டாவது கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறதா பார்க்கச் சொன்னேன். கூட வந்த சேல்ஸ் தம்பி, "சார், நாங்க இந்த தெரு வரைக்கும்தான் சார் குடுக்கணும்" என்று ஸ்கூட்டியில் பின்னாடியே கத்திக்கொண்டு வந்தார், பாவம். பையன் எந்த வண்டிக்காக மூன்று மாதம் வீடியோ பார்த்தானோ அதை வேண்டாம் என்றுவிட்டு, பக்கத்திலிருந்ததை புக் பண்ணிவிட்டான்.

நேற்று போன் செய்தான். "மாமா, பிரேக் ஃப்ளூயிட் மாத்தணும்னு சொன்னீங்களே, எப்ப மாத்தறது?" வண்டி வந்து பதினோரு நாள் ஆகிறது.