பழத்தைத் துடைத்தீர்களா? காதலர் தின சாக்லேட் கேக் கேள்வி பதில்

கும்பகோணத்தில் வீட்டு அடுப்படியிலேயே கேக் போட்டுக் கொடுத்து 11 வருஷம் ஆகிறது. பிப்ரவரி 14 நெருங்கினால் கேள்விகள் குவியும். இந்த வாரம் வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பொம்மை வைத்த கேக், ஐந்தடுக்குக் கேக் எல்லாம் நான் செய்வதில்லை, அதனால் அவற்றை விட்டுவிட்டேன். சாக்லேட்டும் பழமும் சேர்ந்த கேக் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

மன்னார்குடி: அக்கா, கல்யாணமாகி முதல் காதலர் தினம். அவருக்குப் பிடித்த சாக்லேட் கேக்கை ஸ்ட்ராபெர்ரி வைத்துச் செய்ய ஆசை. கேக் செய்து பழக்கமே இல்லை. முதலிலிருந்து சொல்லித் தருவீர்களா?

சொல்கிறேன் தங்கச்சி. எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்கில் ஆரம்பியுங்கள். வெண்ணெயை நுரைக்க அடிக்கும் வேலை இல்லை, மறுநாளும் மெத்தென்று இருக்கும்.

மைதா 125 கிராம், கோகோ பவுடர் 40 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், சமையல் சோடா அரை தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு முட்டை, புளித்த கெட்டி மோர் 120 மில்லி, வாசனை இல்லாத எண்ணெய் 60 மில்லி. இதை மாவில் ஊற்றிக் கட்டியில்லாமல் கலந்து, கடைசியாகச் சூடான காபி 120 மில்லி. காபி என்றால் பால் ஊற்றாதது. ஃபில்டரில் இறங்கிய டிகாக்ஷனில் பாதி, வெந்நீர் பாதி. சிக்கரி கலந்த தூளாக இருந்தாலும் பரவாயில்லை. கேக்கில் காபி வாசம் தெரியாது, சாக்லேட்டின் கசப்புதான் ஆழமாகும். நம் ஊரில் டிகாக்ஷன் இல்லாத வீடு ஏது? இன்ஸ்டன்ட் பொடி வாங்க ஓடாதீர்கள்.

மாவு தோசை மாவை விட நீர்த்து இருக்கும். பயந்து மைதாவை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். 7 அங்குல டின்னில் பட்டர் பேப்பர் போட்டு ஊற்றி, முன்கூட்டியே சூடாக்கிய அவனில் 175 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம். நடுவில் குத்திய குச்சி ஈரமாவு ஒட்டாமல் வந்தால் சரி. முழுதாக ஆற வேண்டும். முதல் நாள் இரவே செய்து, ஆறியதும் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது.

மேலே ஊற்ற கனாஷ்: டார்க் சாக்லேட் 200 கிராமைப் பொடியாக நறுக்குங்கள். டப்பாவில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் 150 மில்லியை ஓரத்தில் குமிழ் வரும்வரை மட்டும் சூடாக்கி அதன்மேல் ஊற்றி, மூன்று நிமிஷம் விட்டு, நடுவிலிருந்து மெல்லக் கலக்குங்கள். க்ரீமைக் கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் கக்கும்.

இப்போது பழம். ஸ்ட்ராபெர்ரியைக் காம்போடு கழுவுங்கள். காம்பைக் கிள்ளிய பிறகு கழுவினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, இரண்டாக நறுக்கி, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி பழைய பருத்தி வேட்டித் துணியில் 20 நிமிஷம் பரப்பி வையுங்கள். எடுக்கும்போது ஒவ்வொரு பழத்துக்கும் கீழே இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் துணியில் ஊறியிருக்கும். அந்த ஈரம் அத்தனையும் உங்கள் கேக்கில் இறங்கியிருக்க வேண்டியது. எனக்கு வந்த முதல் ஸ்ட்ராபெர்ரி ஆர்டரில் துடைக்காமல்தான் அடுக்கினேன். வீட்டுக்காரர்கள் கேக்கைத் திறந்தபோது பழமெல்லாம் சரிந்து பெட்டியின் ஓரத்தில் கிடந்தது, கனாஷ் மேல் சிவப்புத் தண்ணீர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து துடைக்காத பழத்தை நான் கேக் பக்கமே கொண்டுபோவதில்லை. வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மட்டும் அடுக்குங்கள்.

பாபநாசம்: அவன் இல்லை, குக்கரில் வருமா?

நன்றாக வரும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பு ஒரு அங்குலம் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிஷம் சூடேற்றி, டின்னை வைத்துச் சிறு தீயில் 45 முதல் 55 நிமிஷம். தினம் சாதம் வைக்கிற குக்கரைக் காயவிட வேண்டாம். அடிகனமான பழைய பாத்திரத்துக்குப் பொருத்தமான மூடி இருந்தால் அதுவே போதும்.

வலங்கைமான்: நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை.

முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 60 கிராம். மற்றதெல்லாம் அதே அளவு. மாவைக் கலந்ததும் தாமதிக்காமல் அவனில் வையுங்கள். சோடாவின் வேகம் அடங்கிவிட்டால் கேக் எழாது.

நாகப்பட்டினம்: எங்கள் பக்கம் ஸ்ட்ராபெர்ரி வந்து சேரும்போதே நசுங்கிவிடுகிறது. வாழைப்பழம் வைத்தால் மட்டமாக நினைப்பார்களா?

யார் நினைப்பார்கள்? மலையிலிருந்து இறங்கி இரண்டு நாள் பஸ்ஸில் ஆடி வந்த பழத்தை விட, காலையில் தாரிலிருந்து சீப்பாக வெட்டிய பழம் எந்த விதத்தில் குறைந்தது? காவிரிக் கரையில் இருந்துகொண்டு வாழைக்குக் கூச்சப்படாதீர்கள். சாக்லேட்டுக்கு என் தேர்வு பூவன். இரண்டு பழம், சுமார் 100 கிராம், மசித்து மாவில் சேர்த்து, மோரை 80 மில்லியாகக் குறையுங்கள். பூவனில் இருக்கும் இளம்புளிப்பு சோடாவோடு வேலை செய்து கேக்கைத் தூக்கும், கோகோவின் கசப்பையும் சமன் செய்யும்.

லால்குடி: பூவனா? வாழைப்பழம் என்றால் ரஸ்தாளிதானே அக்கா. அந்த வாசனை பூவனுக்கு வருமா?

தம்பி, தின்பதற்கு ரஸ்தாளி என்றால் நானும் உங்கள் கட்சி. அடுப்பில் வேறு கதை. ஒரே மாவை இரண்டு டின்னில் ஊற்றி இரண்டையும் செய்து பார்த்தேன். வெந்து வந்த கேக்கில் ரஸ்தாளியின் வாசனை கோகோவுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. பூவனின் புளிப்பு நாக்கில் நின்றது. இன்னொன்றும் உண்டு. ரஸ்தாளியை மசிக்கும்போது சில பழங்களின் நடுவில் கல் மாதிரி கட்டி அகப்படும். வாழை போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை அது. கேக்கில் போனால் வேகாமல் பல்லில் கடிபடும்.

திருவையாறு: இரண்டு பேரும் கற்பூரவல்லியை மறந்துவிட்டீர்கள்! தேன் மாதிரி இருக்குமே.

மறக்கவில்லை. கற்பூரவல்லி கொழகொழவென்று மசியும், கேக் மிக மெதுவாக வரும். ஆனால் இனிப்பு தூக்கல். சர்க்கரையில் 30 கிராம் குறைக்காவிட்டால் திகட்டிவிடும். குழந்தைகளுக்கு அது பிடிக்கும். கசப்புச் சாக்லேட் விரும்புகிறவருக்குப் பூவன்தான்.

லால்குடி (மறுபடியும்): மாவில் சேர்ப்பதை விடுங்கள் அக்கா, மேலே வைப்பதற்கு? பூவன் கறுத்துப் போகுமே.

இது நியாயமான கேள்வி. எந்த வாழையையும் நறுக்கி அப்படியே வைத்தால் கறுக்கும். வாணலியில் ஒரு ஸ்பூன் வெண்ணெய், இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை உருகியதும், விரல் கனத்துக்கு நறுக்கிய ரஸ்தாளியைப் போட்டுப் பக்கத்துக்கு ஒரு நிமிஷம் புரட்டுங்கள். பொன்னிறமாக ஒரு மெருகு ஏறும், வாசனையும் வீடு முழுக்க நிற்கும். பூவன் அந்தச் சூட்டில் குழைந்துவிடும், ரஸ்தாளி நிற்கும். ஆகவே உள்ளே பூவன், மேலே ரஸ்தாளி. லால்குடிக்குப் பாதி வெற்றி கொடுத்துவிட்டேன்.

திருச்சி: பூவனும் மைசூர் வாழையும் ஒன்றா? பச்சநாடன் எந்த வகை? எங்கள் தோட்டத்தில் எதைப் போடலாம்?

ரகம் பற்றிய சந்தேகங்களுக்கு 1993 முதல் உங்கள் ஊரிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே கேளுங்கள். வாழை விவாதத்தை இதோடு முடித்துக்கொள்வோம். இன்னும் 14 பேர் வாழை பற்றியே எழுதியிருக்கிறீர்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சீர்காழி: குக்கரில் செய்யலாமா? எவ்வளவு தண்ணீர்?

தண்ணீரே கூடாது. பாபநாசத்துக்கு எழுதியதைப் படியுங்கள். கேஸ்கட், வெயிட் இரண்டையும் எடுங்கள்.

கும்பகோணம்: ஸ்ட்ராபெர்ரிக்குப் பதில் கடையில் விற்கிற சிவப்பு செர்ரி போதுமா? பிளாக் ஃபாரஸ்டில் அதுதானே வருகிறது?

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நம் கடைகளில் செர்ரி என்று விற்பது பெரும்பாலும் களாக்காய். கொட்டை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றியது. டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய் என்பது போலத்தான். ஜெர்மனியில் இந்தக் கேக் பிறந்த இடத்தில் புளிப்புச் செர்ரியும், செர்ரியிலிருந்து வடித்த கிர்ஷ் மதுவும் சேர்ப்பார்கள். அந்தப் புளிப்புதான் சாக்லேட்டையும் க்ரீமையும் திகட்டாமல் வைக்கிறது. பாகில் ஊறிய களாக்காயில் அது கிடையாது. இனிப்பின்மேல் இனிப்பு. அதற்கு மாதுளை முத்து எவ்வளவோ மேல். துடைத்துவிட்டுப் போடுங்கள்.

திருவாரூர்: அன்னாசியைப் பச்சையாக நறுக்கி க்ரீமில் கலந்தேன், மறுநாள் கசந்தது. க்ரீம் கெட்டுப் போனதா?

க்ரீம் கெடவில்லை. பச்சை அன்னாசியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது, அது பாலில் பட்டால் கசக்கும். பப்பாளியும் அப்படித்தான். சர்க்கரை போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, வடித்து, ஆறவைத்துச் சேருங்கள். சூட்டில் நொதி செத்துவிடும்.

பட்டுக்கோட்டை: கோகோ பவுடரில் இரண்டு வகை என்கிறார்களே, எது வாங்குவது?

ஒன்று இயற்கையானது: வெளிர்நிறம், புளிப்பு. மற்றது காரப்பொருள் (ஆல்கலி, மிளகாய்க் காரம் அல்ல) சேர்த்துப் பதப்படுத்தியது: கறுப்பு, மென்மையான சுவை. லேபிளில் 500 அல்லது 501 என்ற எண் போட்டிருந்தால் இரண்டாவது வகை. அதில் புளிப்பு கம்மி என்பதால் சோடா மட்டும் போட்டால் கேக் சரியாக எழாது. நான் கொடுத்த அளவில் மோரும் பேக்கிங் பவுடரும் இருப்பதால் எந்தக் கோகோவும் ஒத்துவரும். கனாஷுக்கு மட்டும் கம்பவுண்டு சாக்லேட் வேண்டாம். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகும், நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். வருஷத்துக்கு ஒருநாள் ஆசையாகச் செய்கிறீர்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குடவாசல்: 25 சதவீத க்ரீமை அரை மணி நேரம் அடித்தேன், நுரைக்கவே இல்லை.

நுரைக்காது. குறைந்தது 30 சதவீதம் கொழுப்பு வேண்டும், க்ரீமும் கிண்ணமும் ஜில்லென்று இருக்க வேண்டும்.

தஞ்சாவூர்: அவள் கும்பகோணத்தில், நான் தஞ்சாவூரில். கேக்கைப் பஸ்ஸில் 40 கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டும். கேக் மேல் என்ன எழுதலாம்?

என்ன எழுதுவது என்பது உங்கள் இருவர் விஷயம் தம்பி, அதில் நான் தலையிட மாட்டேன். பயணத்துக்குச் சொல்கிறேன். கனாஷ் ஊற்றிய கேக்கை ஃப்ரிட்ஜில் நன்றாக இறுகவிட்டு, காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். பெட்டியை மடியில் வைக்காதீர்கள், உடம்புச் சூடு ஏறும். காலடியில் தட்டையாக வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக் வியர்க்கும், அதனால் பெட்டியை வழியில் திறக்க வேண்டாம். பழத்தைத் துடைத்துத் தனி டப்பாவில் எடுத்துப்போய் அங்கே அடுக்குங்கள்.

மயிலாடுதுறை: மாமியாருக்குச் சர்க்கரை நோய். எத்தனை துண்டு கொடுக்கலாம்?

அவர் பார்க்கும் டாக்டரைக் கேளுங்கள்.

வேதாரண்யம்: குக்கரில் வெயிட் போடணுமா?

வேண்டாம். மூன்றாவது தடவை எழுதுகிறேன். வெயிட்டும் கேஸ்கட்டும் இருந்தால் ஆபத்து. எடுத்துவிடுங்கள்.

அம்மாபேட்டை: ஸ்ட்ராபெர்ரி வைத்த இடமெல்லாம் கேக் சொதசொதவென்று ஆகிவிட்டது.

பழத்தைத் துடைத்தீர்களா?

நீடாமங்கலம்: எனக்கு 62 வயது. கல்யாணமாகி 38 வருஷம், வெந்நீர் கூட வைத்ததில்லை. சம்பா அறுவடை முடிந்து இப்போதுதான் கை ஓய்ந்திருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் ஒரு கேக் செய்து கொடுக்க வேண்டும். அவன் கிடையாது. என்னால் முடியுமா?

முடியும் ஐயா. இன்றைக்கு வந்ததில் நான் இரண்டு தடவை படித்த கேள்வி உங்களுடையது. மன்னார்குடித் தங்கைக்குச் சொன்ன அளவுதான், அடுப்புக்குப் பாபநாசத்துக்குச் சொன்ன முறை. தராசு இல்லையென்றால் மளிகைக் கடையிலேயே ஒவ்வொன்றையும் அளந்து தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், வீட்டில் அளக்கும் வேலையே இருக்காது. கனாஷ் இந்தத் தடவை வேண்டாம். கேக் ஆறியதும் மேலே கோகோவைச் சலித்துவிட்டு, வெண்ணெயில் புரட்டிய ரஸ்தாளி ஆறு துண்டு வையுங்கள்.

அம்மா கோயிலுக்கோ மகள் வீட்டுக்கோ போகிற ஒரு நாளில் முன்கூட்டி ஒருமுறை செய்து பாருங்கள். சரியாக வராவிட்டால் எப்படி வந்தது என்று 12-ஆம் தேதிக்குள் எழுதுங்கள். 13 காலையிலிருந்து நான் அடுப்படியில் இருப்பேன், யாருக்கும் பதில் எழுத முடியாது.