பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று எதிர்த்து நிற்கும் பதின்பருவ மகனை என்ன செய்வது?

உங்கள் மகனுக்கு 15 வயது, மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை, வாயைத் திறந்தாலே எதிர்ப்பேச்சு, அடித்துத் திருத்துவதா, அவன் போக்கில் விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் செய்து பார்த்தவள் நான். என் மகன் ஒன்பதாம் வகுப்பில் 41 நாள் பள்ளிக்குப் போகவில்லை. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்ததால் அந்த எண்ணிக்கை மறக்கவில்லை.

வயிற்றுவலியில்தான் தொடங்கியது. காலையில் சுருண்டு படுத்திருப்பான்; பதினொரு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பான். நடிக்கிறான் என்று நானும் கணவரும் முடிவுகட்டிவிட்டோம். அச்சத்தால் வரும் வலியும் உண்மையான வலிதான். கிளம்ப வேண்டிய நேரம் நெருங்க நெருங்க ஏறும். இன்று போக வேண்டாம் என்றானதும் இறங்கிவிடும். உங்கள் மகனுக்கு விடுமுறை நாட்களில் வலி எட்டிப் பார்க்காமல், ஞாயிறு மாலையில் மட்டும் முளைக்கிறதா என்று கவனியுங்கள். ஆனாலும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி, உடலில் வேறு கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் என் கணவர் போர்வையை இழுத்தார், நான் கத்தினேன், ஒரு காலையில் கை நீட்டியும் விட்டேன். அவன் அழவில்லை. என்னைப் பார்த்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு பல நாட்களுக்கு அவன் எங்களிடம் பேசியது மூன்று நான்கு வார்த்தைகள்தான். அந்த அடியால் அவன் பள்ளிக்கு ஓர் அடி கூட நெருங்கவில்லை, எங்களிடமிருந்துதான் விலகினான்.

பயந்துபோய் அடுத்த பதினைந்து நாள் ஒன்றும் கேட்காமல் விட்டோம். வீட்டில் அமைதி திரும்பியது. அவனோ விடிய விடிய விழித்திருந்து பகலில் தூங்கத் தொடங்கினான். பதின்பருவத்தில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே தள்ளிப்போயிருக்கும் அந்தக் கடிகாரம், எழுந்திருக்க அவசியமே இல்லாத வீட்டில் முற்றிலும் தலைகீழாகிவிடுகிறது.

அதன் பிறகுதான் உளவியல் ஆலோசகரிடம் போனோம். 'ஏன் போக மாட்டேன் என்கிறாய்' என்று இனிக் கேட்காதீர்கள், அவனுக்கே பதில் தெரியாமல் இருக்கலாம், போகாமல் இருப்பதால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள் என்றார். கிறிஸ்டோபர் கியர்னி, வெண்டி சில்வர்மேன் என்ற இரு உளவியலாளர்கள் இதை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளியில் எழும் பதற்றத்திலிருந்து தப்பலாம். தேர்விலிருந்தோ, பிறர் முன் நின்று பேச வேண்டிய சங்கடத்திலிருந்தோ தப்பலாம். பெற்றோர் பக்கத்திலேயே இருக்கலாம். அல்லது வெளியே விளையாட்டும் நண்பர்களும் கிடைக்கலாம். நான்குக்கும் மருந்து ஒன்றல்ல. கடைசி வகைப் பிள்ளைக்குக் கண்டிப்பும் கண்காணிப்பும் வேண்டும். அதே கண்டிப்பை முதல் இரண்டு வகைப் பிள்ளையிடம் காட்டினால் பயம் இரட்டிப்பாகும். எல்லா வகைக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. வீட்டிலிருந்துவிட்ட ஒவ்வொரு நாளும் நிம்மதி தருகிறது. அந்த நிம்மதியே மறுநாள் போவதை இன்னும் கடினமாக்குகிறது. அவன் போக்கில் விட்டது கருணை என்று நான் நினைத்திருந்தேன். அவன் அதில் இன்னும் ஆழமாகச் சிக்கிக்கொண்டிருந்தான்.

உண்மை ஓர் இரவு நடையில் வெளிவந்தது. எதிரெதிரே உட்கார்ந்தால் பேசாத பிள்ளை, இருட்டில் பக்கத்தில் நடக்கும்போது பேசினான். காய்ச்சலில் சில நாள் போகாதபோது கணிதத்தில் ஒரு பாடம் முழுவதும் முடிந்துவிட்டது. திரும்பிப் போன அன்று கரும்பலகைக்கு அழைத்திருக்கிறார்கள். சாக்பீஸோடு நின்றிருக்கிறான், வகுப்பு சிரித்திருக்கிறது. இவ்வளவுதானா என்று என் வாய்வரை வந்ததை விழுங்கினேன். பிறகு அவன் சொன்னதுதான் என்னை உலுக்கியது: "இப்போது கணக்குகூடப் பெரிதில்லை அம்மா. இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பார்கள். என்ன சொல்வேன்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் திரும்பும் வழியைத் தொடங்கினோம். "உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை" என்ற ஒற்றை வரியை அவனே தேர்ந்தெடுத்து, என்னிடம் பலமுறை சொல்லிப் பார்த்தான். வகுப்பாசிரியரை நாங்கள் தனியாகச் சந்தித்து, சில வாரங்களுக்குக் கரும்பலகைக்கு அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். முதல் நாள் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பினோம். பிறகு நூலகத்தில் ஒரு மணி நேரம், பிறகு அவனுக்குப் பிடித்த ஒரு பாடவேளை, பிறகு அரை நாள். வீட்டிலிருக்கும் நேரத்தில் பள்ளி முடியும்வரை கணினியும் கைப்பேசியும் கிடையாது என்று முந்தைய வாரமே சொல்லிவிட்டோம். காலையில் அவனுடன் பேசுவதைக் கணவர் எடுத்துக்கொண்டார். நான் பேசினால் விவாதமாகிவிடும். எழுந்திரு, குளி, கிளம்பு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மாலையில்.

உங்கள் மகனை அங்கே யாராவது அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள், கேலி செய்து வதைக்கிறார்கள் என்றால், முதலில் பள்ளி அதை நிறுத்தியாக வேண்டும். அது நிற்காமல் படிப்படியாக அனுப்புவது அவனுக்குச் செய்யும் அநியாயம். எழுத்துக்கூட்டிப் படிப்பதிலோ கவனம் செலுத்துவதிலோ சிறு வயது முதலே திணறுகிறான் என்றால் கற்றல் குறைபாட்டுக்கும் கவனக் குறைபாட்டுக்குமான பரிசோதனையைக் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாட்டையும் நண்பர்களையும் அறவே ஒதுக்கினாலோ, பள்ளியை மறந்துவிட்டு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள்.

பத்தாம் வகுப்பின் முதல் திங்கட்கிழமை என் மகனுக்கு மறுபடியும் வயிறு வலித்தது. சீருடையோடு வாசற்படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது பாடவேளைக்குப் போய்ச் சேர்ந்தான்.