பாதி டாக்டர்

அன்புள்ள ஐயா,

என் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பயோ-மேத்ஸ் குரூப். நீட் எழுதினாள், சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங் போக அவளுக்கு மனமில்லை. எஞ்சினியரிங் கவுன்சலிங்கில் பயோமெடிக்கல் எடுக்கப்போகிறேன் என்கிறாள். "அது பாதி டாக்டர் மாதிரி, தாராளமா எடு" என்கிறார் என் அண்ணன். கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறெதற்கும் வேலை இல்லை என்கிறார் என் கணவர். நீங்கள் ஆஸ்பத்திரியில் பயோமெடிக்கல் எஞ்சினியராக இருந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். படித்தால் வேலை கிடைக்குமா? பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா?

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்: பாதி டாக்டர் இல்லை, கால் டாக்டர்கூட இல்லை. பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்த்தேன், ஒரு நோயாளியின் நாடியைப் பிடிக்க வேண்டிய அவசியம் ஒரு நாளும் வந்ததில்லை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் மருந்துச் சீட்டை நீட்டுவார்கள், அது வேறு விஷயம்.

நீட்டில் விட்டதை இதில் பிடித்துவிடலாம் என்று வருகிற பிள்ளைகள் மூன்றாவது செமஸ்டரில் சர்க்யூட், சிக்னல்ஸ் என்று வந்ததும் முகம் வாடிப்போவார்கள். உடற்கூறியலும் உடலியலும் பாடத்தில் உண்டு, ஆனால் அவை ஒன்றிரண்டு தாள்கள்தான். மிச்சமெல்லாம் கணக்கு, எலெக்ட்ரானிக்ஸ், மருத்துவக் கருவிகள், உடலுக்குள் படம் பிடிக்கும் இமேஜிங், உடலுக்குள் வைக்கும் பொருட்கள் பற்றிய பாடம். கவுன்சலிங் கட் ஆஃபைப் பார்த்தாலே தெரியும்: 200-க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மார்க்கை யாரும் கேட்பதில்லை.

சரி, அப்படி என்னதான் வேலை? நான் சேர்ந்த முதல் கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு ஈசிஜி மெஷின். மழைக்காலம் முழுக்க ஒழுங்காக இருந்தது, மே மாதம் வந்ததும் கோடு கம்பளிப்புழு மாதிரி தடித்து விழ ஆரம்பித்தது. இதயத்தின் மின்துடிப்பு மார்புத் தோலுக்கு வந்து சேரும்போது சுமார் ஒரு மில்லிவோல்ட்தான் இருக்கும். சுற்றிலும் சுவருக்குள் ஓடுவது 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. அந்த 50 ஹெர்ட்ஸ் நோயாளியின் உடம்பிலும் வயரிலும் ஏறிக்கொள்ளும். உடம்பில் ஒட்டும் இரண்டு எலெக்ட்ரோடுக்கும் பொதுவாக வருவதைத் தள்ளிவிட்டு, வித்தியாசத்தை மட்டும் பெருக்கிக் காட்டுவதுதான் மெஷினின் சாமர்த்தியம். அன்றைக்கு அது முடியவில்லை. நான் லீட் வயரை மாற்றினேன். எலெக்ட்ரோடை மாற்றினேன். கடைசியில் போர்டையே கழற்றினேன். மூன்று நாள் ஓடிவிட்டது.

நான்காம் நாள் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கட்டடத்துக்குப் பின்னால் போய் எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் கோடு இளைத்துவிட்டது. வெயிலில் குழி வறண்டு, கசியும் மின்சாரம் மண்ணில் சரியாக இறங்காமல் இருந்திருக்கிறது.

அன்றைக்கு வெட்கமாக இருந்தது. பயம் வந்தது அப்புறம்தான். கையில் பட்டால் உணரவே முடியாத மின்கசிவு, இதயத்துக்குள் குழாயோ கம்பியோ செலுத்தியிருக்கும் நோயாளியிடம் போய்ச் சேர்ந்தால் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். அதனால்தான் நேராக இதயத்தைத் தொடும் கருவிப் பகுதிகளுக்கு, சாதாரண நிலையில் நோயாளிக்குப் போகும் கசிவு 10 மைக்ரோஆம்பியருக்கு மேல் கூடாது என்று சர்வதேசத் தரம் வைத்திருக்கிறார்கள். அதாவது ஓர் ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் கோடை முடிவதற்குள் கசிவுமானியைத் தூக்கிக்கொண்டு ஐசியூவில் ஒவ்வொரு கட்டிலாகப் போய்வந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

உங்கள் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். "ஐயோ, இதுக்கு மூணு நாளா!" என்று சிரித்தால் ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். "ப்ளக்கைப் பிடுங்கிட்டு பேட்டரில ஓட்டிப் பார்த்தாரா?" என்று கேட்டால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். (பேட்டரியில் கோடு இளைத்தால் கோளாறு மெஷினில் இல்லை, கரண்ட் பக்கம் என்று அப்போதே தெரிந்திருக்கும். நான் ஓட்டிப் பார்க்கவில்லை.)

வேலை விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. இங்கே பயன்படும் பெரிய எந்திரங்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வருபவை. வடிவமைப்பு அங்கே நடக்கிறது, பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் விற்பதும் இங்கே. அதனால் முதல் வேலை பெரும்பாலும் ஆஸ்பத்திரி வொர்க்‌ஷாப்பில் கிடைக்கும், இல்லையென்றால் கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியராக. சம்பளம் ஐடிக்குப் போன வகுப்புத் தோழர்களைவிடக் குறைவாகத்தான் தொடங்கும். முதல் சில வருஷங்களில் பாதிப் பேர் ஐடி பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள், நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நின்றவர்களுக்குப் பெங்களூரில் ஜிஇ, சீமென்ஸ், பிலிப்ஸ் மாதிரி நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள் இருக்கின்றன. புது மெஷினை டாக்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அப்ளிகேஷன் வேலை இருக்கிறது. வாய் உள்ள பிள்ளைக்கு அது நல்ல இடம்.

இன்னொரு வாசலைப் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்தாகக் கணக்கு. செய்பவரும் இறக்குமதி செய்பவரும் தரம், ஆபத்து, சோதனை என்று எல்லாவற்றுக்கும் ஆவணம் காட்ட வேண்டும். அதை எழுதத் தெரிந்த எஞ்சினியர் தேவை. ஃபைல் வேலை என்று நானும் ஒருகாலத்தில் இளப்பமாக நினைத்திருந்தேன், தெராக்-25 பற்றிப் படிக்கும்வரை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் எந்திரம் அது. தப்பான அளவு போகாமல் தடுக்க பழைய மாடல்களில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள். 1985-லிருந்து 1987-க்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு போனது, சிலர் இறந்தார்கள். அந்தப் பூட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்க வேண்டிய தாளைத்தான் இப்போது ஃபைல் என்கிறோம்.

இங்கேயே செய்ததும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் செயற்கை இதய வால்வின் மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது 1990 டிசம்பரில் ஒரு மனிதருக்குள் பொருத்தப்பட்டது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-லிருந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்கிறது. அந்தப் பக்கம் போக ஆசையென்றால் பி.இ.யோடு நிற்கக் கூடாது. எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் பயோமெடிக்கலுக்கென்று தனித் தாள் 2020-லிருந்து இருக்கிறது, எங்கள் காலத்தில் அது இல்லை. சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, ஸ்ரீ சித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் எஞ்சினியரிங் எம்.டெக். படித்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் கூச்சமில்லாமல் "இது எதுக்கு?" என்று கேட்பார்கள்.

பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவராதது பிள்ளைக்கு இல்லை, கம்பெனிக்காரர்களுக்குத்தான். ஊர் ஊராகப் போகிற சர்வீஸ் வேலைக்குப் பெண்களை எடுக்கத் தயங்கி, ஆஃபீஸ் வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். என்னோடு இருந்த ஒருவர் எட்டு மாதக் கர்ப்பத்தில் டயாலிசிஸ் மெஷினைக் கழற்றி மாட்டினார். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அந்த ஷிஃப்டுக்கு வேறு ஆள் போடவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரியைப் பார்க்கும்போது லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டி பெட்டியாகப் பயிற்சி கிட் மட்டும் இருக்கிறதா, பழைய வென்டிலேட்டர், மானிட்டர் எதையாவது பிள்ளைகள் பிரித்துப்போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்தில் பயிற்சிக்கு அனுப்பும் ஆஸ்பத்திரி உண்டா என்றும் கேளுங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் பயோமெடிக்கல் எடுப்பதைவிட நல்ல கல்லூரியில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எடுப்பது மேல். கருவிக் கம்பெனிகள் ஈசிஇ பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். இதைக் கல்லூரிக்காரர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு இன்னும் நாள் இருந்தால் திருநெல்வேலியில் ஏதாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போங்கள். பயோமெடிக்கல் ரூம் எங்கே என்று ரிசப்ஷனில் கேட்டால் பாதி இடங்களில் விழிப்பார்கள். செக்யூரிட்டியிடம் கேளுங்கள், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் என்று கை காட்டுவார். காலை பத்து மணிக்கு மேல் போனால் உள்ளே இருப்பவர் டீ குடித்து முடித்திருப்பார். அரை நாள் ஓர் ஓரமாக உட்கார விடச் சொன்னால் மறுக்க மாட்டார். எங்களைத் தேடி யாரும் வருவதில்லை.

அன்புடன்.