வீரர்கள் கையெழுத்திட்ட பழைய பேஸ்பால் பந்து, வீரர் படம் அச்சடித்த கார்டு எல்லாம் சான்றிதழோடு விற்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் போதுமா? அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போதாது. சான்றிதழும் ஒரு காகிதம்தான். கையெழுத்தைப் போலியாகப் போடத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் அச்சடிப்பது பெரிய வேலை இல்லை. எனக்கு இது 600 டாலர் போன பிறகுதான் உறைத்தது. அந்தக் கதையிலேயே பாதிப் பதில் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிட்ஸ்பர்கில் வசிக்கிறேன். வந்த புதிதில் பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. பழக்கிவிட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஸ்டீல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ராபர்ட்டோ கிளெமென்டே என்றால் உயிர். புவர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு மட்டுமே ஆடியவர் கிளெமென்டே. 1972 செப்டம்பர் 30 அன்று தன் 3,000ஆவது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு ஓடிப் பேஸை எட்டுவது) அடித்தார். அந்த வருடத்தின் கடைசி நாள் இரவு, நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள்கள் ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். வயது 38. இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் குரல் இன்றும் மாறும்.

பெரியவரின் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பழம்பொருள் சந்தையில் கிளெமென்டே கையெழுத்திட்ட பந்து ஒன்றை வாங்கினேன். மஞ்சள் பூத்த தோல், மங்கிய நீல மையில் அழகான கையெழுத்து, கூடவே தங்க ஓரம் போட்ட சான்றிதழ், ஒரு பளபளக்கும் ஸ்டிக்கர். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. பந்தைத் திருப்பி, அதில் அச்சாகியிருந்த எழுத்துகளைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இந்தப் பந்தைச் செய்தது யார்னு பார்த்தியா?"

பார்த்தேன். ராலிங்ஸ் என்று இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் நேஷனல் லீக் தலைவர் சார்லஸ் ஃபீனியின் பெயர். அமெரிக்காவின் முதன்மைப் போட்டியான மேஜர் லீகில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு பிரிவுகள் உண்டு; பைரேட்ஸ் நேஷனல் லீக் அணி.

ஃபீனி 1970 முதல் 1986 வரை தலைவர். கிளெமென்டேயின் கடைசி மூன்று சீசன்களுக்கு அது பொருந்துகிறது. அதனால்தான் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள். ஆனால் நேஷனல் லீகுக்கு 1976 வரை பந்து செய்து கொடுத்தது ஸ்பால்டிங். ராலிங்ஸ் வந்தது 1977இல். கிளெமென்டே இறந்து நான்கு வருடம் கழிந்த பிறகு தைக்கப்பட்ட பந்தில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்? பெரியவர் இதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, "மனசு விடாதே, நல்ல எண்ணத்தில்தானே வாங்கினாய்" என்றார். சான்றிதழில் இருந்த தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. விற்றவரை அடுத்த மாதம் அந்தச் சந்தையில் காணோம்.

அன்றிலிருந்து நான் கையெழுத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் அது எதன்மேல் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்கிறேன். கல்யாணப் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டியிருந்தால் யாருடைய சீர் என்று தெரிந்துவிடுகிறது இல்லையா, அதே மாதிரி பழைய லீக் பந்து தன் வயதைத் தானே சொல்லும். 1999 வரை ஒவ்வொரு லீக் பந்திலும் அந்தந்தத் தலைவரின் பெயர் இருக்கும். அமெரிக்கன் லீகில் பான் ஜான்சன் 1927 வரை, அப்புறம் பர்னார்ட், 1931 முதல் 1959 வரை வில்லியம் ஹாரிட்ஜ், அவருக்குப் பின் ஜோ க்ரோனின். பேஸ்பாலின் மிகப் பெரிய நட்சத்திரமான பேப் ரூத் 1948 ஆகஸ்டில் இறந்தார். ஆக, ஜோ க்ரோனின் பெயருள்ள பந்தில் ரூத் கையெழுத்து என்று யாராவது காட்டினால் விலையே கேட்க வேண்டாம். நேஷனல் லீகில் ஹெய்ட்லர் 1934 வரை, ஃபோர்டு ஃப்ரிக் 1951 வரை, வாரன் கைல்ஸ் 1969 வரை. இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால் போதும். நான் வைத்திருக்கிறேன்.

தோலும் பேசும். 1973 வரை குதிரைத் தோல், 1974இலிருந்து மாட்டுத் தோல். 1930களின் நடுப்பகுதிக்கு முந்தைய பந்துகளில் தையல் இரண்டு நிறத்தில் இருக்கும்: அமெரிக்கன் லீகில் சிவப்பும் நீலமும், நேஷனல் லீகில் சிவப்பும் கறுப்பும். அப்புறம்தான் முழுச் சிவப்பு. எழுதிய பேனாவையும் கவனியுங்கள். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 கடைசியில். ஷார்பி மார்க்கர் 1964இல். 1920களின் பந்து என்று சொல்லி அதில் பால்பாயின்ட் உருண்டை அழுத்திய பள்ளம் தெரிந்தால் யோசியுங்கள். பந்தின்மேல் மஞ்சளாக ஷெல்லாக் என்ற மெருகுப் பூச்சு பூசியிருப்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வராதீர்கள். அந்தக் காலத்தில் கையெழுத்து அழியாமல் இருக்க நிஜமான ரசிகர்களே அப்படிப் பூசினார்கள். புதுப் பந்தைப் பழசாகக் காட்டப் போலிக்காரர்களும் அதையே பூசுகிறார்கள்.

சரி, பந்து அசல், காலமும் சரி, மையும் சரி. அப்போதும் ஒரு வலி மிச்சம் இருக்கிறது. அணி முழுவதும் கையெழுத்திட்ட பந்துகளில் பெரிய நட்சத்திரத்தின் பெயரை உடைமாற்றும் அறைப் பணியாளர்கள் தாங்களே எழுதிக் கொடுப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். இதைச் சேகரிப்பாளர்கள் கிளப்ஹவுஸ் கையெழுத்து என்பார்கள். கிளெமென்டே விஷயத்தில் இது நிறையவே உண்டு. பழைய காலத்து நட்சத்திரம் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்குப் படிக்க எழுதத் தெரியாது. அவர் பெயரில் போன கடிதங்களிலும் தாள்களிலும் பெரும்பாலும் கையெழுத்திட்டவர் மனைவி கேட்டி. அவரே சிரமப்பட்டு வரைந்த கையெழுத்து மிக அரிது. அதனால்தான் அவர் கையெழுத்திட்ட ஒரு புகைப்படம் 2021இல் 14 லட்சம் டாலருக்கு மேல் போனது. இந்த இடத்தில் நம் கண்ணை நம்ப முடியாது. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ. போல இதையே தொழிலாகச் செய்பவர்களிடம் காட்டத்தான் வேண்டும். அவர்கள் ஆயிரக்கணக்கான மாதிரிகளோடு ஒப்பிட்டு, எழுத்து எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்ப்பார்கள். தன் பெயரை எழுதுகிறவர் நிறுத்த மாட்டார். இன்னொருவர் பெயரைப் பார்த்து எழுதுகிறவர் கை வளைவுகளில் நடுங்கும்.

கார்டுகளுக்கு வருகிறேன். பழைய பைரேட்ஸ் வீரர் ஹோனஸ் வாக்னர் எங்கள் ஊர்க்காரர். அவர் சிலை பைரேட்ஸின் மைதானமான பி.என்.சி. பார்க் வாசலில் நிற்கிறது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 வரிசையில் அவர் கார்டு சீக்கிரமே நிறுத்தப்பட்டுவிட்டது. புகையிலையோடு தன் படம் குழந்தைகள் கைக்குப் போவது பிடிக்கவில்லை என்பார்கள் சிலர், அனுமதிக்குப் பணம் தரவில்லை என்பார்கள் சிலர். இன்று மிஞ்சியிருப்பவை 60 அளவில்தான். 2021இல் ஒன்று 66 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதன் மறுஅச்சுகள் எங்கும் கிடைக்கின்றன, பழைய சாமான் பெட்டியில் கண்டெடுத்ததாகச் சொல்லி விற்பவர்களும் உண்டு. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசல் வாக்னர் கார்டுகளில் பீட்மான்ட் அல்லது ஸ்வீட் கேப்போரல் விளம்பரம் மட்டுமே இருக்கும். வேறு சிகரெட் பெயர் இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடலாம். அடுத்து, நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கார்டின் அடியில் பழுப்பு நிறத்தில் வீரர் பெயர் இருக்கும். அசலில் அந்த எழுத்து இடைவெளி இல்லாத ஒரே மையாக, கோடு பிசிறில்லாமல் இருக்கும். மறுஅச்சில் அதே எழுத்து குட்டிக்குட்டிப் புள்ளிகளாகச் சிதறும். முதல்முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவ்வளவு தெளிவான வித்தியாசம் அது.

இன்னொன்று, கடைகளில் கள்ள நோட்டு பார்க்கும் யூவி விளக்கு. காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாயின. 1910ஆம் ஆண்டுக் கார்டு என்று சொல்லப்படுவது இருட்டில் அந்த விளக்குக்கு நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதன் வயது பொய். ஒளிராமல் இருப்பது மட்டும் அசல் என்பதற்குச் சாட்சி ஆகாது, பழைய வெற்றுத் தாளில் அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கார்டு அசலாகவே இருந்து, அதில் கை வைத்திருந்தால்? உலகத்திலேயே பேர்போன வாக்னர் கார்டின் கதை அதுதான். 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் அன்றைய உரிமையாளர் ப்ரூஸ் மெக்னாலும் சேர்ந்து அதை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. தரம் பிரித்த முதல் கார்டே அதுதான், பத்துக்கு எட்டு மதிப்பெண். 2007இல் 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது. 2013இல், ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ, முனைகள் கூர்மையாகத் தெரிவதற்காக அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஒப்புக்கொண்டார். பின்னால் ஏல மோசடிக்காக 20 மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார். அதனால் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து நம்பர் போட்டுக் கொடுத்தாலும் அளவை ஒருமுறை பாருங்கள். நூறு வருடக் கார்டின் நான்கு ஓரமும் கத்தியில் வெட்டியது போல் புதுசாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

ஜெர்சி, பேட் பற்றி எனக்கு நேரடி அனுபவம் குறைவு. இப்போது அதில் பலமான ஆதாரம் புகைப்பட ஒப்பீடு. பேப் ரூத் 1932 உலகத் தொடரின் (மேஜர் லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்) மூன்றாவது ஆட்டத்தில் அணிந்த ஜெர்சி 2005இல் 9.4 லட்சம் டாலருக்கு விற்றது. பொத்தான்களுக்கு அருகே எழுத்துகள் தைக்கப்பட்ட இடம் அன்றைய படங்களோடு இம்மி பிசகாமல் பொருந்துகிறது என்று நிலைநாட்டிய பிறகு, 2024 ஆகஸ்டில் அதுவே 2 கோடியே 41 லட்சம் டாலர். கையால் தைத்த உடுப்பில் இரண்டு ஒன்றுபோல் அமையாது, அதுதான் சூட்சுமம்.

இன்றைய ஆட்டப் பொருள்களுக்கு நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. 1990களில் சான் டியேகோ பாட்ரெஸ் அணி வீரர் டோனி க்வின் தன் அணிக் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்கப்படுவதைக் கவனித்தார். எஃப்.பி.ஐ. ஆபரேஷன் புல்பென் என்ற பெயரில் புலனாய்வு நடத்தியது. பிடிபட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொன்ன பேஸ்பால்கூட இருந்தது. அதன் பலனாக மேஜர் லீக் 2001இல் தன் சொந்தச் சான்று முறையைத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் காவல் துறையில் பணியாற்றிய அனுபவமுள்ள ஒருவர் களத்தருகே உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணெதிரே ஆட்டத்திலிருந்து வந்த பொருளுக்கு மட்டுமே எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டப்படும். அந்த எண்ணை இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பார்வையாளர் கூட்டத்துக்குள் விழுந்த பந்து கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் பொதுவாகச் சான்று கிடையாது. அதனால்தான் சாதனை நெருங்கும்போது ரகசியக் குறியிட்ட பந்துகளை வீசச் செய்கிறார்கள். 1998இல் மார்க் மெக்குவயர் ஒரே சீசனில் அதிக ஹோம் ரன் அடிக்கும் சாதனையை நெருங்கிய காலத்திலேயே அப்படிச் செய்தார்கள்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், கையெழுத்தில் தொடங்காதீர்கள் என்பேன். நுழைவுச் சீட்டுகள், ஆட்ட நிரல்கள், ஸ்கோர்கார்டுகள் பக்கம் போங்கள். விலை குறைவு, அதனால் போலி செய்வதற்கு ஆசையும் குறைவு, ஆராய்வதற்கோ விஷயம் ஏராளம்.

என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது பைரேட்ஸின் பழைய மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் ஸ்கோர்கார்டு ஒன்று. அந்தப் போலிப் பந்துக்குப் பிறகு பெரியவர் தன் அப்பாவுடைய பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. தேதி இல்லை. பென்சிலில் ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் கட்டம் கட்டமாகக் குறித்திருந்தார் அவர் அப்பா. ரெட்ரோஷீட் என்ற இலவச இணையதளத்தில் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களின் கணக்கு இருக்கிறது. எதிரணியையும் வீரர்களின் வரிசையையும் வைத்துத் தேடினோம். மூன்று சாயங்காலம் ஆனது. 1958 சீசனின் ஒரே ஒரு ஆட்டம் வரிக்கு வரி பொருந்தியது, ஏழாவது இன்னிங்ஸ் வரை.

எட்டும் ஒன்பதும் வெறும் கட்டங்கள். தாளுக்குப் பிற்பாடு ஏதாவது ஆகியிருக்குமோ என்று நான் லென்ஸை எடுத்தேன். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அப்பாவுக்கு அன்னைக்கு நைட் ஷிஃப்ட் இருந்திருக்கும். எப்பவும் ஏழோடு எழுந்து ஆலைக்கு நடந்துடுவார்."