பணியாரச் சட்டியில் பூனைக்குச் சாப்பாடு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பூனையைப் பற்றியவை. அதிலும் பெரும்பாலானவை ஒரே புலம்பல்: "பேய்த்தீனி தின்கிறது டாக்டர்." ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தட்டை வைத்த ஒரு நிமிடத்தில் காலி. ஐந்து நிமிடத்தில் அப்படியே கக்கிவிட்டு, கக்கியதையே மறுபடி தின்கிறது. தீனி உருண்டைகள்கூட உடையாமல் வருகின்றன. இது வியாதியா? (ரங்கூன் தகேட்டாவிலிருந்து ஓர் அம்மா)

உருண்டை உடையாமல் வருகிறது என்று கவனித்துச் சொன்னீர்களே அம்மா, பாதி வைத்தியம் அதிலேயே முடிந்தது. வயிறு எக்கி எக்கி, புளித்த வாடையோடு வந்தால் அது வாந்தி. சத்தமில்லாமல் குழாய்போல் வெளியே வந்து விழுந்தால், தீனி வயிற்றில் சரியாகத் தங்குவதற்குள் திரும்பிவிட்டது என்று பொருள். உங்கள் பூனை மெல்லாமல் விழுங்குகிறது.

இதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். வேட்டையாடிப் பிழைக்கும் பூனை ஒரு நாளில் பத்து, இருபது தடவை தின்னும். ஒவ்வொரு தடவையும் ஓர் எலி, அல்லது ஒரு பல்லி. நாம் காலையும் மாலையும் ஒரு குவியலைக் கொட்டிவிட்டு, நிதானமாகச் சாப்பிடு என்கிறோம்.

வீட்டில் குழிப்பணியாரச் சட்டி இருக்கிறதா? தெருவில் மோன் லின்மயா என்ற பர்மியப் பணியாரம் சுடுகிறார்களே, அந்தச் சட்டியும் இதே ஜாதிதான். பழையது ஒன்றை எண்ணெய் வாடை போகக் கழுவி, குழிக்கு ஏழெட்டு உருண்டை போடுங்கள். ஒவ்வொரு குழியாக முன்காலால் வாரித்தான் தின்ன முடியும். ஒரு நிமிடச் சாப்பாடு எட்டு, பத்து நிமிடமாகும். சட்டி இல்லையென்றால் அகலமான தட்டில் பரப்பி, நடுவில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கூழாங்கற்கள் நாலைந்து வையுங்கள். சிறிய கல் வேண்டாம், அதையும் விழுங்கும். டின் உணவு என்றால் தட்டையான தட்டில் மெல்லிசாகத் தடவிவிட்டால் போதும், நக்கித்தான் ஆகவேண்டும்.

அளவைக் குறைக்காதீர்கள், பிரித்துக் கொடுங்கள். இரண்டரை வீசை, அதாவது 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு உலர் தீனி நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம். பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், எழுதியிருப்பதையும் பாருங்கள். அதை நாலைந்து வேளையாக்குங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தும் கக்கினால், அல்லது எடை குறைந்தால், தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மெதுவாகத் தின்னவைக்கும் மேடுபள்ளக் கிண்ணம் வாங்கினேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பசித்தால் தானாக வரும் என்று விட்டுவிடலாமா? (கமாயுட்டிலிருந்து ஒரு தம்பி)

கூடாது தம்பி. நாய்க்குச் சொல்லும் அந்த வார்த்தை பூனைக்கு ஆகாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். பாதித் தீனியைப் பழைய தட்டில் வைத்து, மீதியைப் புதுக் கிண்ணத்தின் மேட்டிலேயே தூவுங்கள். பழகப் பழகப் பள்ளத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டு பூனைகள். பெரியவன் தன்னுடையதை விழுங்கிவிட்டுச் சின்னவள் தட்டுக்குப் பாய்கிறான். (பெகு)

அவன் அவசரப்படுவதே போட்டி இருப்பதால்தான். பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைப்பது நமக்குப் பார்க்க அழகு. பூனைக்கு அது சண்டைக் களம். ஒருவனை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கதவில்லாத வீடென்றால் சின்னவளுக்கு அலமாரி மேல். இருபது நிமிடம் கழித்து இரண்டு தட்டையும் எடுத்துவிடுங்கள்.

விடிகாலை நாலு மணிக்கு முகத்தில் ஏறி உட்கார்ந்து கத்துகிறது. தீனி போட்டால்தான் தூங்கவிடும். (மோல்மேன்)

யார் யாரைப் பழக்கியிருக்கிறார்கள் என்று தெரிகிறதல்லவா? எழுந்ததும் தீனி போடாதீர்கள். பல் துலக்கி, தேநீர் குடித்து, அப்புறம் போடுங்கள். நிறுத்திய முதல் சில நாள் கத்தல் கூடும். அப்போது ஒருநாள் மனம் இளகிவிட்டால், உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். நேரம் வைத்துக் கொட்டும் தானியங்கிப் பெட்டி நல்ல வழி, பூனை உங்களை விட்டுப் பெட்டியைக் கெஞ்சும். பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள். நம் ஊர்க் கரண்டை நம்பினால் மறுபடி உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

சோறும் மீன் குழம்பும் வயிறு நிறையப் போடுகிறோம். ஆனாலும் எந்நேரமும் பசி. (தமாயின்)

சோறு வயிற்றை நிரப்பும், பூனையின் பசியை அடக்காது. அதற்கு வேண்டியது மாமிசப் புரதம். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஙப்பி என்ற புளித்த மீன் விழுதும் வேண்டாம், அத்தனையும் உப்பு. முள் எடுத்த வேகவைத்த மீன் தரலாம், ஆனால் அது மட்டுமே சாப்பாடாகக் கூடாது. டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

பன்னிரண்டு வயது. சாதுவாகத் தின்றுகொண்டிருந்தது, இரண்டு மாதமாகத் தீனிக்குப் பறக்கிறது. ஆனால் முதுகெலும்பு தெரிகிறது. (ரங்கூன், ஓர் ஐயா)

ஐயா, உங்களுக்குப் பணியாரச் சட்டி யோசனை சொல்லமாட்டேன். வயதான பூனை நிறையத் தின்றும் இளைத்தால் முதலில் தைராய்டு, அடுத்தது சர்க்கரை. தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, மூத்திரம் அதிகம் போகிறதா என்று பாருங்கள். மலத்தில் அரிசி போன்ற துணுக்குகள் இருந்தால் நாடாப்புழு. அதை மாத்திரையிலேயே தீர்க்கலாம். மற்ற இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். அடுத்த மாதம் என்று தள்ளாமல் இந்த வாரமே கொண்டு வாருங்கள். சமீபத்தில் ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் கொடுத்திருந்தால் அந்த அட்டையையும் எடுத்து வாருங்கள், அதுவும் பசியைக் கிளப்பும்.